ஏழு தண்ணீர்

நான் வேலை பார்த்த ஆய்வகத்தில் இப்போது குப்பைத் தொட்டியை எடை போடுகிறார்களாம். கேன்டீன், கல்யாண மண்டபம், பள்ளி விடுதி என்று போய், சாப்பிட்டு முடித்த தட்டுகளில் மிஞ்சியதைப் பிரித்து, சோறு எவ்வளவு, கறி எவ்வளவு என்று எழுதிக்கொள்கிறார்கள். என் இடத்துக்கு வந்திருக்கும் காயத்ரி போன மாதம் மாரெட்பள்ளி வீட்டுக்கு வந்து இதையெல்லாம் விவரமாகச் சொன்னாள். கோயம்புத்தூர்ப் பெண், சுறுசுறுப்பானவள். புதிதாகச் சேர்ந்தவர்கள் படிக்க என் அனுபவத்தில் நாலு பக்கம் எழுதித் தரவேண்டும் என்று கேட்டாள்.

"வேஸ்ட் பத்தியே எழுதுங்க மேடம். நீங்க பாக்காத வேஸ்ட்டா?"

பார்த்திருக்கிறேன். ஆனால் முப்பத்தொரு வருடம் நான் தேடிக்கொண்டிருந்தது தொட்டிக்குப் போகாத வீண். தட்டு நிறையச் சோறு இருக்கும், அதைப் பிள்ளை வழித்துச் சாப்பிட்டும் இருக்கும். ஆனால் சோற்றில் இருக்கவேண்டியது வழியிலேயே எங்கோ இறங்கிப் போயிருக்கும். அந்த "எங்கோ" எந்த இடம் என்று கண்டுபிடிப்பதுதான் என் வேலை. அப்படிக் கண்டுபிடிக்கப் போன ஒரு இடத்தில் நான் செய்த தவறு ஒன்றும் இருக்கிறது. அதையும் சேர்த்தே எழுதுகிறேன்.

என் அப்பா சிகந்தராபாத் ரயில்வே பட்டறையில் ஃபிட்டர். வேலூர்ப் பக்கத்திலிருந்து தாத்தா காலத்திலேயே இங்கே வந்துவிட்ட குடும்பம். வேதியியல் படித்து இருபத்து மூன்று வயதில் ஆய்வகத்தில் உதவியாளராகச் சேர்ந்தேன். முதல் இரண்டு வருடம் கண்ணாடிப் பாத்திரங்கள் கழுவினேன். பிறகு அரைக்கவும், வடிகட்டவும், அளக்கவும் விட்டார்கள். அதற்குப் பிறகுதான் டாக்டர் எஸ்தர் மேடத்தின் பிரிவுக்குப் போனேன்.

எஸ்தர் மேடம் பாளையங்கோட்டைக்காரர். ஐதராபாத்தில் அத்தனை வருடம் இருந்தும் அவருடைய தமிழ் தாமிரபரணிக் கரையை விட்டு நகரவில்லை. ஒல்லியான உயரமான உருவம், கஞ்சி போட்ட பருத்திப் புடவை, கையில் ஆண்கள் கட்டும் பெரிய கடிகாரம். குரலை உயர்த்தமாட்டார். பாராட்டவும் மாட்டார். நாம் எதைச் சொன்னாலும் கடைசி வரை கேட்டுவிட்டு "பெறவு?" என்பார். அந்த ஒரு சொல்லுக்கு நாங்கள் எல்லோரும் பயப்படுவோம்.

சேர்ந்த புதிதில் ஒரு பள்ளிக்கூடத்துக் கீரைக் கூட்டைச் சோதித்துவிட்டு, "கீரையில சத்து கம்மியா இருக்கு மேடம்" என்று பெருமையோடு போய்ச் சொன்னேன்.

"எங்க கொறஞ்சுது?"

"வேக வைக்கும்போது மேடம்."

"அதுக்கு முந்தி என்ன செஞ்சாவ?"

"நறுக்கினாங்க."

"பெறவு?"

"கழுவினாங்க."

"நறுக்கிட்டா கழுவுனாவ? ம். பெறவு?"

நறுக்கிய கீரையை எவ்வளவு நேரம் தண்ணீரில் போட்டு வைத்தார்கள் என்று எனக்குத் தெரியவில்லை. நான் கேட்டு வரவில்லை. மேடம் தாளை என் பக்கம் தள்ளி வைத்துவிட்டுத் தன் வேலையைப் பார்க்கத் தொடங்கினார். மறுநாள் நான் மறுபடி அந்தப் பள்ளிக்கூடத்துக்குப் பேருந்தில் போனேன்.

பதினைந்து வருடத்துக்கு முன்பு இருக்கும், குஷாய்குடாவில் கிளினிக் வைத்திருந்த ஒரு டாக்டர் மேடத்துக்குப் போன் செய்தார். அந்தப் பக்கம் நகரம் முடிகிற இடத்தில் ஒரு அறக்கட்டளை நடத்திய பெண்கள் விடுதி இருந்தது. கட்டட வேலைக்கு ஊர் ஊராகப் போகிறவர்களின் மகள்கள், அறுபத்துச் சொச்சம் பேர், அங்கே தங்கிப் படித்தார்கள். அதில் ஸ்வரூபா என்ற பதின்மூன்று வயதுப் பெண் கால் வீங்கி, மூச்சு வாங்கி, பெரிய ஆஸ்பத்திரியில் சேர்க்கப்பட்டிருக்கிறாள். இன்னும் நாலைந்து பேர் பாதம் எரிகிறது, மரத்துப்போகிறது என்கிறார்கள். டாக்டருக்கு ஒரு சந்தேகம் இருந்தது. அரிசியே சாப்பாடாக இருக்கும் இடங்களில், அந்த அரிசியில் இருக்கவேண்டிய ஒரு சத்து இல்லாமல் போனால் வரும் நோய். புத்தகத்தில் மட்டுமே படித்ததை நேரில் பார்ப்பதாக அவருக்குத் தோன்றியிருக்கிறது.

மறுநாள் காலையே ஆய்வக ஜீப்பில் போனோம். ஓட்டியவர் கரீம் பாய். வார்டன் வாசலிலேயே நின்றுகொண்டிருந்தார், முன்பு பள்ளி ஆசிரியையாக இருந்தவர். நல்ல மனுஷிதான், ஆனால் வந்த உடனே சொன்னது இது: "பரீட்சை வருது மேடம், அதான். ஒருத்தியைப் பாத்து ஒருத்தி."

பிறகு எங்களைச் சமையலறைப் பின்பக்கம் அழைத்துப்போய்க் குப்பைத் தொட்டியைத் திறந்து காட்டினார். காய்கறித் தோல் மட்டும்தான் கிடந்தது. "பாருங்க, ஒரு பருக்கை கிடையாது. எங்க பிள்ளைங்க சோறு வீணாக்க மாட்டாங்க." தெலுங்கில் சொன்னார். அவர் பேச்சையும், இனி வருகிற மற்றவர்கள் பேச்சையும் தமிழில் எழுதிவிடுகிறேன்.

மேடம் தொட்டியைப் பார்த்துத் தலையாட்டினார். "நல்லது. பிள்ளைங்களக் கூப்பிடுங்க."

வராந்தாவில் வரிசையாக நிறுத்தினோம். ஒவ்வொருத்தியாகக் குந்தி உட்கார்ந்து, கையை எதிலும் ஊன்றாமல் எழுந்திருக்கவேண்டும். சோதனை அவ்வளவுதான், அதற்குக் கருவி எதுவும் வேண்டாம். சின்னப் பெண்கள் விளையாட்டென்று நினைத்துச் சிரித்துக்கொண்டே உட்கார்ந்து எழுந்தார்கள். ஏழாவதோ எட்டாவதோ வந்தவள் உட்கார்ந்தாள், எழ முடியவில்லை. தொடையைக் கையால் பிடித்து, முழங்காலைப் பிடித்து, தன் உடம்பின்மேல் தானே ஏறுகிற மாதிரி எழுந்தாள். சிரிப்பு நின்றுவிட்டது. மேடம் அவள் கெண்டைக்காலை லேசாக அழுத்தினார். அந்தப் பெண் பல்லைக் கடித்துக்கொண்டாள்.

அப்படிப் பத்துப் பேர் இருந்தார்கள், ஆஸ்பத்திரியில் இருந்த ஸ்வரூபாவோடு பதினோரு பேர். எழுந்திருக்க முடியாத ஒவ்வொருத்தியின் பெயரையும் நான் எழுதினேன். வார்டன் சுவரோடு சாய்ந்து நின்றார். பரீட்சையைப் பற்றி அவர் பிறகு பேசவே இல்லை.

மேடம் அங்கிருந்தே குஷாய்குடா டாக்டருக்குப் போன் செய்து, அன்றைக்கே ஊசியும் மாத்திரையும் தொடங்கச் சொன்னார். ஸ்வரூபா இருந்த ஆஸ்பத்திரிக்கும் பேசினார். "நாம இன்னும் அரிசியச் சோதிக்கவே இல்லையே மேடம்" என்றேன்.

"சோதன நமக்கு. மருந்து பிள்ளைக்கு. ரிசல்ட் வரட்டும்னு பிள்ளையக் காக்க வைக்கக் கூடாது."

அதன் பிறகுதான் சமையலறைக்குப் போனோம். சமையல் நரசம்மா. ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும். அகலமான முகம், நெற்றியில் பெரிய குங்குமம் இருந்த இடத்தில் பச்சை குத்தியது மட்டும். கணவர் இல்லை, பிள்ளைகளும் இல்லை. விடுதிக்குப் பின்னாலேயே ஒரு அறையில் வாடகைக்கு இருந்தார். எங்களைப் பார்த்ததும் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, அடுப்பு மேடையை இன்னொரு தடவை துடைத்தார். அந்தச் சமையலறையைப் போலச் சுத்தமான இடத்தை நான் அதிகம் பார்த்ததில்லை.

இந்த வேலைக்கு வருகிறவர்கள் தெரிந்துகொள்ள வேண்டியதை இங்கே சொல்லிவிடுகிறேன். முதல் நாள் பாட்டிலைக் கையில் எடுக்கக்கூடாது. பாட்டிலைப் பார்த்தால் சமைக்கிறவர்கள் கை மாறிவிடும், தினமும் செய்வதைச் செய்யமாட்டார்கள். அன்று முழுக்க நானும் மேடமும் நரசம்மாவோடு உட்கார்ந்து பீன்ஸ் நாரெடுத்தோம், பேசினோம், அவ்வளவுதான். இரண்டாம் நாள் காலை ஐந்து மணிக்குப் போனோம். அன்றைக்குத்தான் பாட்டில், ஐஸ் பெட்டி எல்லாம். பெயரையும் நேரத்தையும் காலி பாட்டிலில் எழுதவேண்டும், நிறைந்த பாட்டிலில் எழுதக்கூடாது. நிறைந்த பிறகு எழுதினால் எது எதுவென்று நம் ஞாபகத்தை நம்பவேண்டியிருக்கும். "சரியா செய்யுங்க" என்று சமைக்கிறவர்களிடம் சொல்லக்கூடாது, "தினம் போல செய்யுங்க" என்று மட்டும் சொல்லவேண்டும். கடைசியாக ஒன்று, அறிக்கையில் கையெழுத்து விழும்வரை அந்த இடத்தில் யாரிடமும் எதையும் வாய்விட்டுச் சொல்லக்கூடாது.

நரசம்மா அரிசியை அண்டாவில் கொட்டித் தண்ணீர் ஊற்றினார். இரண்டு கையாலும் அரிசியைப் பிசைந்து தேய்த்தார். தண்ணீர் பால்போல ஆனது. அதை மோரியில், சாக்கடையை இங்கே அப்படித்தான் சொல்வோம், சாய்த்து ஊற்றினார். நான் ஊற்றுவதற்கு முன் ஒரு பாட்டில் பிடித்துக்கொண்டேன். இரண்டாம் தண்ணீர். மூன்றாம் தண்ணீர். நான்காவதிலேயே தண்ணீர் தெளிந்துவிட்டது. அவர் நிறுத்தவில்லை. ஏழு தண்ணீர் ஊற்றினார். ஏழு பாட்டில் பிடித்தேன்.

"எப்பவும் ஏழா அக்கா?" என்று கேட்டேன்.

"ஏழுதான் மேடம். ஒண்ணு குறைஞ்சாலும் எனக்கு மனசு கேக்காது."

முன்பு வந்த அரிசியில் கல்லும் புழுவும் இருக்குமாம். ஒரு நாள் பெரியவர்கள் பார்வையிட வந்தபோது ஒரு பிள்ளையின் தட்டில் ஒரு புழு கிடந்திருக்கிறது. வந்தவர்களில் ஒருவர் அந்தத் தட்டை எடுத்து எல்லோர் முன்னாலும் நரசம்மாவின் காலடியில் கவிழ்த்துவிட்டார். "அன்னிக்குச் சாமி முன்னாடி சொல்லிட்டேன், இனிமே ஏழு தண்ணி ஊத்தாம உலையில போடமாட்டேன்னு. இப்போ அரிசி நல்ல அரிசி, வெள்ளையா வருது, கல்லே இல்ல. ஆனா சொன்னது சொன்னதுதானே?"

சோறு வெந்ததும் கஞ்சியை வடித்து அதையும் மோரியில் ஊற்றினார். உதிரி உதிரியாக, மல்லிகைப்பூ மாதிரிச் சோறு. பப்பு, அதாவது பருப்புக் குழம்பு, சீக்கிரம் வேக ஒரு கரண்டி சோடா மாவு போட்டார். பருப்பு விலை ஏறியதிலிருந்து பப்பு தண்ணீராகத்தான் இருந்தது. பத்து மணிக்குள் சமையல் முடிந்துவிட்டது. பிள்ளைகள் சாப்பிட மத்தியானம் ஒரு மணி ஆகும். அதுவரை எல்லாம் அடுப்புச் சூட்டிலேயே இருந்தது. ஒவ்வொரு இடத்திலும் ஒரு பாட்டில் எடுத்தேன்.

என் தவறு அன்று மத்தியானம் நடந்தது. ஐஸ் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஜீப்புக்குப் புறப்பட்டேன். மேடம் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். வார்டன் சமையலறை வாசலில் என்னிடம் வந்து, "ஏதாவது தெரிஞ்சுதா மேடம்? ராத்திரி தூக்கமே இல்ல எனக்கு" என்றார். ஐந்து மணியிலிருந்து நின்றுகொண்டே இருந்த களைப்பு. கூடவே, கண்டுபிடித்துவிட்டோம் என்ற துள்ளல். "ஏழு தடவை கழுவி, கஞ்சியையும் வடிச்சு மோரியில ஊத்தினா, பிள்ளைங்களுக்கு என்னதான் மிஞ்சும்?" என்று சொல்லிவிட்டேன்.

வார்டன் முகம் மாறியது. நான் அதைக் கவனித்தேன். கவனித்தும் பெட்டியை ஏற்றிக்கொண்டு வந்துவிட்டேன்.

ஆய்வகத்தில் நாங்கள் செய்யும் சோதனையில் அந்தச் சத்து இருந்தால் கரைசல் புற ஊதா விளக்கின் கீழ் நீலமாக ஒளிரும். எவ்வளவு ஒளிர்கிறதோ அவ்வளவு சத்து. அறையை இருட்டாக்கிக்கொண்டு ஒவ்வொரு குழாயாக வைத்தேன். மூட்டையில் இருந்த அரிசியிலேயே ஒளி மங்கல்தான். வெள்ளை வெளேரென்று தீட்டிய அரிசியில் வேறெப்படி இருக்கும்? முதல் தண்ணீர் ஒளிர்ந்தது, இரண்டாவதும் ஒளிர்ந்தது. மூன்றாவதிலிருந்து மங்கிக்கொண்டே போனது. வடித்த கஞ்சியும் ஒளிர்ந்தது. பிள்ளைகளின் தட்டிலிருந்து எடுத்த சோறு இருட்டாக இருந்தது. குழாயைத் திருப்பித் திருப்பி வைத்துப் பார்த்தேன். மோரிக்குப் போனதுதான் ஒளிர்ந்தது, தட்டுக்கு வந்தது ஒளிரவில்லை.

இரண்டு நாளில் அறிக்கையின் முதல் பிரதியை எழுதி மேடத்திடம் கொடுத்தேன். "சமையலர் அரிசியை ஏழு முறை கழுவியதாலும், கஞ்சியை வடித்ததாலும்" என்று தொடங்கியிருந்தேன். மேடம் பேனாவை எடுத்து "சமையலர்" என்ற சொல்லை அடித்தார்.

"யாருன்னு எழுதாத. எங்கன்னு எழுது."

"ரெண்டும் ஒண்ணுதானே மேடம்?"

"இல்லம்மா. யாருன்னு எழுதுனா அந்த ஆள மாத்துவாவ. எங்கன்னு எழுதுனாத்தான் அந்த எடத்த மாத்துவாவ."

அப்போது போன் அடித்தது, மேடம் எடுத்தார், எதிர்முனைக் குரல் எனக்கும் கேட்டது. வார்டன். ஸ்வரூபாவுக்கு மூச்சு வாங்குவது நின்றுவிட்டது, கால் வீக்கம் வடிந்துவிட்டது, நாளைக்கு வந்துவிடுவாள் என்றார். மேடம் கண்ணை மூடித் திறந்தார். வார்டன் தொடர்ந்து பேசினார். அறக்கட்டளைச் செயலாளரிடம் எல்லாம் சொல்லிவிட்டாராம். நரசம்மாவை அன்றே நிறுத்திவிட்டார்களாம். வேறு ஆள் வந்தாயிற்று. "உங்ககூட வந்த மேடம்தானே சொன்னாங்க, ஏழு தடவை கழுவினா என்ன மிஞ்சும்னு."

மேடம் போனை வைத்தார். என்னைப் பார்த்தார். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"நான்தான் மேடம். வாய்விட்டுட்டேன்."

"பெறவு?" என்றார்.

அந்தச் சொல்லுக்கு அன்று வேறு பொருள். சொல்லிவிட்டாய், இனி என்ன செய்யப்போகிறாய் என்று கேட்கிறார். "அவங்க வீட்டுக்குப் போகலாம் மேடம்" என்று மட்டும் சொன்னேன். மேடம் பையை எடுத்துக்கொண்டார்.

கரீம் பாய் ஜீப்பை சந்து முனையில் நிறுத்தினார். "அந்தர் நக்கோ மேடம், ஜீப் போகாது, நடந்துதான் போகணும்" என்றார். நடந்தோம். நரசம்மாவின் அறைக் கதவு திறந்திருந்தது. அவர் ஒரு முக்காலியில் உட்கார்ந்து, இரண்டு காலையும் தண்ணீர் வாளிக்குள் வைத்திருந்தார். எங்களைப் பார்த்ததும் எழப் பார்த்தார், முடியவில்லை. சுவரைப் பிடித்தார், பிறகு கதவுச் சட்டத்தைப் பிடித்தார். தொடையில் கையை ஊன்றி மெல்ல மெல்ல எழுந்தார்.

நானும் மேடமும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். இரண்டு நாள் அவரோடு அதே சமையலறையில் இருந்திருக்கிறோம். அவர் நின்றுகொண்டே வேலை செய்தார், மேடையைப் பிடித்துக்கொண்டே நடந்தார். நாங்கள் பிள்ளைகளை மட்டும்தான் உட்கார்ந்து எழச் சொன்னோம்.

"எத்தனை நாளா கால் எரியுது?" என்று மேடம் தன் நெல்லைத் தெலுங்கில் கேட்டார்.

"அது வயசு மேடம். ஆறு மாசமா இருக்கு. வாளியில வச்சா அடங்கும்."

மூன்று வேளையும் அவர் அங்கேயேதான் சாப்பிடுவார். எல்லோரும் சாப்பிட்ட பிறகு, கடைசியாக. அந்த நேரத்தில் பப்பு மிஞ்சாது. சோறும் புளிச்சாறும்தான். வாரம் ஒரு நாள் முட்டை போட்டால் தன் பங்கைத் தனக்குப் பிடித்த ஒரு பிள்ளைக்குக் கொடுத்துவிடுவார்.

எங்களுக்குப் பாய் விரித்தார். மோர் கலந்து கொடுத்தார். அதன் பிறகு, மேடத்தைப் பார்க்காமல் வாளியைப் பார்த்துக்கொண்டு கேட்டார்: "பதினாலு வருஷமா அந்தப் பிள்ளைங்களுக்கு ஆக்கிப் போட்டிருக்கேன். இத்தனை வருஷமா நான் அவங்க வயித்துல அடிச்சேனா மேடம்?"

மேடம் ஆறுதல் சொல்லத் தெரியாதவர். அவர் ஒரு கேள்விதான் கேட்டார்.

"பழைய அரிசி, அந்தக் கல்லு அரிசி, இப்பவும் எங்கயாவது கிடைக்குமா?"

நரசம்மா அலமாரியிலிருந்து ஒரு தகர டப்பாவை எடுத்தார். பக்கத்திலிருந்த சின்ன ஆலையில் அரைத்தது, அவர் வீட்டுக்கு வாங்கி வைத்திருந்தது. பழுப்பேறிய, தவிடு ஒட்டிய அரிசி. விடுதிக்கும் முந்தின வருடம் வரை அதே ஆலையிலிருந்துதான் வந்தது. மேடம் டப்பாவை என்னிடம் நீட்டினார்.

"இவங்க கையாலயே கழுவட்டும். ஏழு தண்ணி. நீ பாட்டில் பிடி."

ஜீப்பில் எப்போதும் பாட்டில் இருக்கும். எடுத்து வந்தேன். நரசம்மா முக்காலியில் உட்கார்ந்தபடியே கழுவினார், வேகவைத்து வடித்தார். அன்று சாயங்காலமே ஆய்வகத்தில் விளக்கைப் போட்டேன். பழைய அரிசியும் நிறைய இழந்திருந்தது. ஆனாலும் சோறு ஒளிர்ந்தது. அதிகமில்லை, மங்கலான நீலம்தான், ஒரு பிள்ளை நடமாடப் போதுமான நீலம். அதே கை, அதே ஏழு தண்ணீர். அரிசி மாறிய பிறகுதான் பிள்ளைகள் விழுந்திருக்கிறார்கள். என் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்த மேடம் "எழுது" என்றார். உட்கார்ந்து எழுதினேன்.

அடுத்த வாரம் செயலாளரின் அறையில் கூட்டம். கண்ணாடி மேசை, ஏசி. செயலாளர் மரியாதையான மனிதர். அறிக்கையை வாங்கிப் புரட்டிவிட்டு, "எல்லாம் சரி டாக்டர், யாருடைய தவறு என்று இதில் எங்கே இருக்கிறது?" என்று கேட்டார்.

மேடம் நிதானமாகச் சொன்னார். "ஆலைக்காரர் அரிசியை வெள்ளையாகத் தீட்டினார், அதுதான் நல்ல அரிசி என்று எல்லோரும் கேட்கிறார்கள். நீங்கள் பிள்ளைகளுக்கு நல்லது கொடுக்க வேண்டுமென்று அதை வாங்கினீர்கள். நரசம்மா சுத்தமாகக் கழுவினார், உதிரியாக வடித்தார். வார்டன் ஒரு பருக்கை வீணாகாமல் பார்த்துக்கொண்டார். ஒவ்வொருவரும் தன் வேலையை நன்றாகத்தான் செய்திருக்கிறார். சத்து எந்தெந்த இடத்தில் போனது என்று வரிசையாக எழுதியிருக்கிறோம். அந்த இடங்களை மாற்றினால் போதும்."

செயலாளர் கடைசிப் பக்கத்துக்கு வந்தார். பாதிக்கப்பட்டவர்களின் பட்டியல். பதினோரு பெண்களின் பெயர், வயது, வகுப்பு. பன்னிரண்டாவதாக நான் எழுதியிருந்தேன்: நரசம்மா, சமையல்.

"இந்த அம்மாவுமா?"

"எல்லோரையும்விட ரொம்ப நாளாக" என்றார் மேடம்.

செயலாளர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். நான் அப்போது எழுந்து நின்று, அந்தம்மாவை நிறுத்தியது என் ஒரு வார்த்தையால், அந்த வார்த்தையை நான் சொல்லியிருக்கக்கூடாது என்று சொன்னேன். மேடம் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. ஆனால் தன் தண்ணீர் டம்ளரை என் பக்கம் நகர்த்தி வைத்தார்.

நரசம்மாவுக்கும் அதே ஊசி, அதே மாத்திரை. பிள்ளைகள் சில வாரங்களில் ஓடத் தொடங்கிவிட்டார்கள். அவருக்குக் கூடுதல் காலம் பிடித்தது. கால் எரிச்சல் முதலில் போனது, பலம் மெதுவாகத்தான் வந்தது. செயலாளரே வீட்டுக்குப் போய் அவரைத் திரும்ப அழைத்தார் என்று வார்டன் சொன்னார். அரிசி அந்தச் சின்ன ஆலைக்கே மாறியது, கல் பொறுக்க ஒரு ஆளோடு. பப்பு கெட்டியானது, சத்தைக் கெடுக்கும் சோடா நின்றது. ஒரு தண்ணீரில் கழுவி, அளந்த தண்ணீரில் வேகவைப்பது என்று முடிவானது. இதற்கு மட்டும் நரசம்மா முதலில் சம்மதிக்கவில்லை. சாமி முன்னால் சொன்ன சொல். மேடம் கொஞ்சம் யோசித்துவிட்டு, "அரிசிய ஒரு தண்ணி கழுவுங்க. மீதி ஆறு தண்ணிய உங்க கையிலயும் பாத்திரத்துலயும் ஊத்துங்க. சாமிக்குக் கணக்கு சரியாயிரும்" என்றார். நரசம்மா சிரித்ததை நான் அன்றைக்குத்தான் முதலில் பார்த்தேன்.

இது சுகமாக முடிந்துவிட்டது என்று நினைக்கவேண்டாம். வடிக்காத சோறு குழைந்து வந்தது. பிள்ளைகள் முகம் சுளித்தார்கள், தட்டில் மிச்சம் வைத்தார்கள். வார்டன் போனில் புலம்பினார்: "தொட்டி நிறையுது மேடம், எங்க விடுதியில இப்படி ஆனதே இல்ல." நரசம்மா தண்ணீரைக் கூட்டியும் குறைத்தும், அரிசியை ஊறவைத்தும் வைக்காமலும் செய்து செய்து பார்த்து, சோறு பதமாக வர இரண்டு மாதம் ஆனது. அந்த இரண்டு மாதமும் தொட்டியை எடை போட்டிருந்தால், விடுதி கெட்டுவிட்டது என்றுதான் எங்கள் ஏட்டில் பதிவாகியிருக்கும். காயத்ரியும் கூட்டாளிகளும் இதை நினைவில் வைத்துக்கொண்டால் நல்லது.

கடைசிச் சோதனைக்கு நான் மட்டும் போனேன். மேடத்துக்கு அன்று வேறு வேலை. பன்னிரண்டு பேரையும் வராந்தாவில் நிறுத்தினேன். ஸ்வரூபா குந்தி உட்கார்ந்து குதித்து எழுந்தாள், இன்னொரு தடவை செய்யட்டுமா என்று கேட்டாள். கடைசியாக நரசம்மா. புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு உட்கார்ந்தார். பிள்ளைகள் சுற்றி நின்று சத்தம் போட்டார்கள். கொஞ்சம் தடுமாறினார், கை தரையைத் தேடியது, ஆனால் தொடவில்லை. எழுந்து நின்றுவிட்டார். நான் பட்டியலில் பன்னிரண்டாவது பெயருக்கு எதிரே குறியிட்டேன்.

சாப்பிட்டுவிட்டுத்தான் போகவேண்டும் என்று பிடித்துக்கொண்டார். சமையலறையில் தரையில் உட்கார்ந்தோம். தட்டில் சோறு போட்டுப் பப்பு ஊற்றினார். என்னால் சோற்றில் கை வைக்க முடியவில்லை. இத்தனை மாதம் இவரிடம் மட்டும் சொல்லாமல் இருந்திருக்கிறேன்.

"அக்கா, உங்களை நிறுத்தினாங்களே, அது என்னால. நான்தான் வார்டன் மேடத்துகிட்ட..."

"தெலுசம்மா" என்றார். தெரியும். "அன்னிக்குக் கதவுக்கு இந்தப் பக்கம்தானே நின்னுட்டிருந்தேன். கேட்டுது."

அப்படியென்றால் அன்று அவர் வீட்டில் எங்களுக்குப் பாய் விரித்தபோதும், மோர் கொடுத்தபோதும் அவருக்குத் தெரிந்திருக்கிறது.

"ஏன் அக்கா ஒண்ணும் கேக்கலை?"

"நீ சொன்னது பொய் இல்லையே. பிள்ளைங்களுக்கு ஒண்ணும் மிஞ்சலைதானே?" தன் தட்டிலும் பப்பு ஊற்றிக்கொண்டார். "வருத்தமாத்தான் இருந்துது. ரொம்ப. அப்புறம் நீயே வீடு தேடி வந்து, என் முன்னாடி உக்காந்து அரிசி கழுவுற தண்ணியை ஒவ்வொண்ணாப் பிடிச்சியே, அப்போ போயிடுச்சு. சாப்பிடு, ஆறுது."

சாப்பிட்டேன். பாதியில், இன்னும் கொஞ்சம் பப்பு போடட்டுமா என்று கேட்டார். போடுங்கள் என்று தட்டை நீட்டினேன்.